அத்தியாயம் 7: முடிவு உங்கள் கையில் – பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு ஒரு கல்லூரி மாணவிக்கு உள்ள வழிகள்

2024 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மறுநாளே கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் பதிவானது. குற்றவாளி பல்கலைக்கழகத்தில் படிப்பவனோ வேலை பார்ப்பவனோ அல்ல, கோட்டூரில் குடியிருந்த வெளியாள். மாணவியும் நண்பரும் சேர்ந்திருந்ததைச் செல்போனில் படம் எடுத்துவிட்டதாகச் சொல்லி மிரட்டியே அவன் இதைச் செய்தான். சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 மே 28 அன்று, சாட்டப்பட்ட 11 குற்றங்களிலும் அவனைக் குற்றவாளி என்று அறிவித்தது. ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது.

புகாருக்கும் தண்டனைக்கும் இடையில் ஐந்து மாதங்களுக்குச் சற்று மேல்தான் ஆனது. நம் நாட்டில் இது அபூர்வமான வேகம். ஆனால் அதே வழக்கில், அந்த மாணவியைக் காக்க வேண்டிய ஓர் ஆவணமே அவரைக் காட்டிக்கொடுத்தது. அவருடைய பெயரும் விவரங்களும் அடங்கிய எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்து ஊரெல்லாம் சுற்றியது. ஒரு மாணவிக்கு என்னென்ன கிடைக்க வேண்டும், எங்கெங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் இந்தக் கோட்டூர்புரம் வழக்கு காட்டுகிறது. அதனால் இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: மருத்துவமனை, காவல் நிலையம், கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு. மூன்றுக்கும் போகலாம், ஒன்றுக்கு மட்டும் போகலாம், இன்று ஒன்றும் சில வாரம் கழித்து இன்னொன்றும் என்று வைத்துக்கொள்ளலாம். புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் விசாரிப்போம் என்று எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது. இவற்றில் மிக அவசரமானது மருந்து. மற்ற முடிவுகளை யோசித்து எடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

முதல் மூன்று நாட்கள்

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். கருத்தடைக்கான அவசர மாத்திரைக்கும் முதல் 72 மணி நேரமே சிறந்தது. ஐந்தாம் நாள் வரை பலன் உண்டு என்றாலும் நாள் போகப் போகக் குறையும். இந்த மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம், சட்டத்தில் தடை கிடையாது. ஆனாலும் சென்னையின் பல மருந்துக் கடைகளில் பல ஆண்டுகளாகவே "ஸ்டாக் இல்லை" என்ற பதில்தான் வருகிறது. கடை கடையாக அலைந்து நேரத்தை இழக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கோட்டூர்புரம், அடையாறு, கிண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும், திருவல்லிக்கேணியில் உள்ள அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பின்னதை ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும். தனியார் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கேயும் போகலாம். பாதிக்கப்பட்டவருக்கு உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனைகளையும் கட்டாயப்படுத்துகிறது. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். "போலீஸ் மெமோ இருக்கிறதா?" என்று கேட்டால், சிகிச்சைக்கு அது தேவையில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் போனதும் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும்; சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் போலீஸ் வந்துவிட்டதாலேயே நீங்கள் புகார் கொடுத்தாக வேண்டும் என்று ஆகாது. 18 வயது நிறைந்தவர், "எனக்குச் சிகிச்சை மட்டும் போதும், இப்போது புகார் வேண்டாம்" என்று சொல்லலாம். மருத்துவர் அதை எழுதி உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்வார். சிகிச்சை தொடர வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இது தெளிவாகவே இருக்கிறது.

தடயம் எடுப்பது தனி விஷயம். உடலிலிருந்து தடயங்களை நான்கு நாள் வரை, அதாவது 96 மணி நேரம் வரை எடுக்க முயல்வார்கள். முடிந்தால் அதற்கு முன் குளிக்காமல் இருப்பது நல்லது. அன்று போட்டிருந்த துணிகளைத் துவைக்காமல், பிளாஸ்டிக் கவரில் போடாமல், காகிதப் பையில் வைத்து எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டீர்களா? துணியைத் துவைத்துப் போட்டுவிட்டீர்களா? அதனால் எதுவும் முடிந்துபோகவில்லை. பலரும் முதலில் செய்வது அதுதான். அப்படியே கிளம்பிப் போங்கள்.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் சம்மதம் வேண்டும். ஒன்றுக்குச் சரி என்றும் மற்றொன்றுக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். "இரு விரல் பரிசோதனை" என்ற பழைய கொடுமையை உச்ச நீதிமன்றம் 2013-இல் உரிமை மீறல் என்றது. 2022 அக்டோபரில் அதைச் செய்யும் மருத்துவர் ஒழுங்கீனக் குற்றவாளி ஆவார் என்றும் சொல்லிவிட்டது. இன்னும் யாராவது அதைச் செய்ய முனைந்தால், கூடாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கிளம்பும்போது ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்த ஒரு தாள் மிகவும் பயன்படும்.

மாதவிடாய் தள்ளிப்போனால் மறைக்காதீர்கள். 2021 சட்டத் திருத்தத்தின்படி, வன்கொடுமையால் ஏற்பட்ட கருவை 24 வாரங்கள் வரை கலைக்கலாம். 18 வயது நிறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்துத் தேவையில்லை.

உடனிருக்கும் தோழிக்கு, தோழனுக்கு

பெரும்பாலும் முதலில் தகவல் தெரிவது வார்டனுக்கோ போலீசுக்கோ அல்ல, ஹாஸ்டல் அறைத் தோழிக்குத்தான். நீங்கள் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லும் சொல் அவர் மனத்தில் பல வருடங்கள் தங்கும். "அந்த நேரத்துக்கு அங்கே ஏண்டி போனே?" என்று கேட்காதீர்கள். "ஏன் கத்தவில்லை?" என்றும் கேட்காதீர்கள். பயத்தின் உச்சத்தில் உடல் உறைந்துபோவதும் குரல் எழாமல் போவதும் இயற்கை. சட்டமும் அதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது: எதிர்த்துப் போராடவில்லை என்பது சம்மதம் ஆகாது என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு சொல்கிறது.

"நீ சொல்வதை நம்புகிறேன். உன் மேல் தப்பில்லை. இப்போது என்ன செய்யலாம் என்று நீ சொல்." இவ்வளவு போதும். பிறகு தண்ணீர், மாற்றுத் துணி, ஆட்டோ. அவர் வேண்டாம் என்று சொல்லும்வரை கூடவே இருங்கள். அவர் அனுமதியில்லாமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள், நல்லெண்ணத்தில் கூட வேண்டாம். அன்றிரவே, நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளை நீங்களும் சாட்சி ஆகலாம்.

காவல் நிலையத்தில்

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இன்று கோட்டூர்புரம் உட்பட நகரின் பல பகுதிகளில் இருக்கின்றன. ஆனால் அங்கே மட்டும்தான் போக வேண்டும் என்று விதி இல்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை, கிண்டிக்குப் போங்க, அடையாறுக்குப் போங்க" என்று அலைக்கழிக்க முடியாது. எந்த நிலையமானாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். புகாரைப் பெண் அதிகாரி எழுத வேண்டும். நீங்கள் நிலையத்துக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வீட்டுக்கோ நீங்கள் சொல்லும் இடத்துக்கோ வந்து வாக்குமூலம் வாங்கச் சட்டம் வழி செய்கிறது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். புகாரை வாங்கிக்கொண்டு, அதைப் பெற்றதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. பாலியல் வன்கொடுமைப் புகாரில் வழக்கைப் பதிந்தே ஆக வேண்டும். பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு சொல்கிறது. மறுத்தால் துணை ஆணையருக்கோ வேப்பேரியில் உள்ள மாநகர ஆணையர் அலுவலகத்துக்கோ எழுத்தில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரை அணுகலாம். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். கோட்டூர்புரம் வழக்கின் எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டிருந்த விதத்தையே சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பாதிக்கப்பட்டவர் மீதே பழி விழும்படி அந்த மொழி இருந்தது. நீங்கள் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தது குற்றமல்ல, அதை ஒப்புதல் வாக்குமூலம் போல எழுத யாருக்கும் உரிமை இல்லை. நீங்கள் சொல்லாத சொல் இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணி ஆனாலும் சரி, எழுதுபவர் சலித்துக்கொண்டாலும் சரி.

அடுத்தது கசிவு. பாலியல் குற்றங்கள் போன்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர்-ஐ இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இலேயே சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின் கீழ் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இருந்தும் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். வெளியே வந்தது. புதிய சட்டங்களுக்குக் கணினி அமைப்பை மாற்றும்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தரப்பட்டது. உயர் நீதிமன்றம் அதோடு விடவில்லை. 2024 டிசம்பர் 28 அன்று மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவால் ஏற்பட்ட பாதிப்புக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. 2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கிலும் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை அதிகாரிகளே வெளியிட்டார்கள். அப்போதும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு முறை நடந்துவிட்டது, மூன்றாவது முறை நடக்காது என்று நம்பி உட்கார முடியாது. அதனால் புகார் மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "என் பெயர், முகவரி, படிப்பு விவரங்கள் எதுவும் வெளியாகாதபடியும், இந்த எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏற்றப்படாதபடியும் பார்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்."

புகாருக்குப் பின் ஒரு நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் கொடுப்பீர்கள். கூடியவரை பெண் நடுவராக இருப்பார். அது வீடியோவிலும் பதிவு செய்யப்படலாம். புலனாய்வை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பதும் காவல்துறையின் கடமை.

"வீடியோ இருக்கிறது" என்ற மிரட்டல்

கோட்டூர்புரத்திலும் பொள்ளாச்சியிலும் குற்றவாளிகள் பிடித்துக்கொண்ட ஆயுதம் செல்போன்தான். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற நம் பயத்தில்தான் அந்த ஆயுதத்தின் பலம் இருக்கிறது. பணம் கொடுக்காதீர்கள், திரும்ப வரச் சொன்னால் போகாதீர்கள். அழைப்பு, குறுஞ்செய்தி, எண் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேசுங்கள். படம் எங்காவது ஏறிவிட்டால் அந்தத் தளத்துக்கே நேராகப் புகார் அனுப்புங்கள்; 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் அத்தகைய படங்களை நீக்க 24 மணி நேரக் கெடு வைத்தன. சம்மதமில்லாமல் படம் எடுப்பதும் பரப்புவதும் தனித்தனிக் குற்றங்கள். பொள்ளாச்சியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதிக்கப்பட்டது.

கல்லூரிக்குள்

ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன 2015-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிமுறைகள். மூத்த பேராசிரியை ஒருவர் தலைவர். வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் கட்டாயம். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மூன்று மாணவப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். "செய்தவன் நம் காலேஜ் ஆள் இல்லையே, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று முதல்வர் கையை விரித்தால், வெளியாள் செய்ததும் இந்த விதிமுறைகளுக்குள் வருகிறது என்று சொல்லுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்ததே அதுதானே.

எழுத்தில் புகார் தர மூன்று மாதம் அவகாசம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். ஆனால் என் பார்வையில் இந்தக் குழுவின் பெரிய பயன் விசாரணைக்கு முன்பே கிடைக்கும் இடைக்கால நிவாரணம். செய்தவன் வகுப்புத் தோழன் என்றால் அவனை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லலாம். ஆசிரியர் என்றால் உங்கள் தாளைத் திருத்தவோ இன்டர்னல் மதிப்பெண் போடவோ கூடாது என்று தடை கேட்கலாம். உங்களுக்கு மூன்று மாதம் வரை, எந்த உரிமையும் இழக்காமல் விடுப்புக் கிடைக்கும். வருகைப் பதிவு குறைகிறது என்று தேர்வு எழுத விடாமல் செய்தால் இந்த விதியைக் காட்டுங்கள். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் மாணவியிடம் கட்டணம் எதுவும் வாங்காமல் படிப்பை முடிக்க விட வேண்டும், மனநல ஆலோசனையும் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் மனுவில் இதைச் சுட்டிக்காட்டலாம்.

சமரசம் பேச நீங்களாகக் கேட்டாலொழிய யாரும் உங்களை உட்கார வைக்கக் கூடாது. "காலேஜ் பேர் கெட்டுடும்மா" என்று யார் சொன்னாலும், அந்தப் பெயரைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. 18 வயது நிறைந்த மாணவியின் அனுமதி இல்லாமல் வீட்டுக்குப் போன் போடுவதும் சரியல்ல. எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அம்மாவிடம் நேராகச் சொல்ல முடியவில்லை என்றால் சித்தியோ அக்காவோ முதலில் வரட்டும்.

வயது 18 நிறையாதவர்; ஆண்கள், திருநங்கையர், திருநம்பியர்

முதலாண்டில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான். அப்படியானால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். விஷயம் தெரிந்த ஆசிரியரோ மருத்துவரோ காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அங்கே இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் உதவி கிடைக்கும்.

பாதிக்கப்பட்டவர் ஆண் மாணவராக இருந்தால் சட்டம் அவரை ஏறக்குறையக் கைவிட்டிருக்கிறது. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்தில், வயது வந்த ஆண் மீதான பாலியல் வன்புணர்ச்சிக்குத் தனிப் பிரிவே இல்லை. இது பெரிய அநியாயம், நாடாளுமன்றம் திருத்த வேண்டியது. அதுவரை காயம், மிரட்டல், அடைத்துவைத்தல் போன்ற பிரிவுகளில் புகார் கொடுக்கலாம். திருநங்கையர், திருநம்பியர் மீதான பாலியல் வன்முறைக்கு 2019 சட்டம் தரும் அதிகபட்சத் தண்டனை இரண்டே ஆண்டுதான். ஆனால் 72 மணி நேர மருந்தும் மருத்துவமனைச் சிகிச்சையும் எல்லோருக்கும் உண்டு. ஆண் மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் காக்கும் கடமை கல்லூரிக்கு உண்டு என்று யு.ஜி.சி. விதிமுறைகளும் சொல்கின்றன.

வழக்கறிஞர், பணம், மனம்

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு; எண் 15100. வன்புணர்ச்சிக்கு ஆளானவருக்குத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டம் 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வகுத்திருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

181-க்கு அழைத்தால் சகி மையத்தோடு இணைப்பார்கள். மருத்துவம், காவல், சட்டம், தங்குமிடம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். தூக்கமின்மை, திடீர் நடுக்கம், எதையுமே உணராத வெறுமை, பாடத்தில் மனம் பதியாமை இவையெல்லாம் வாரக் கணக்கில் நீடிக்கலாம். இது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், சென்னையின் சினேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழையுங்கள்.

நீதிமன்றம் வரை

விசாரணை மூடிய அறையில் நடக்கும். உங்கள் பழைய உறவுகளைப் பற்றிக் கேட்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு உரிமை இல்லை; கேட்டால் நீதிபதியிடம் உடனே சொல்லலாம். மிரட்டல் வந்தால் 2018-ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுச் செய்யலாம். எல்லா வழக்கும் கோட்டூர்புரம் வழக்கைப் போல ஐந்து மாதத்தில் முடிந்துவிடாது. பொள்ளாச்சிக்கு ஆறு ஆண்டு ஆனது. அந்த ஆறு ஆண்டிலும் பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக மாறவில்லை.

இன்று புகார் கொடுக்கும் மனநிலை இல்லையென்றால் வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை. வன்புணர்ச்சி வழக்குக்குக் காலக்கெடு கிடையாது, அடுத்த ஆண்டும் கொடுக்கலாம். ஆனால் மருந்து மூன்று நாளைத் தாண்டக் கூடாது; கல்லூரிக் குழுவுக்கு உள்ள மூன்று மாத அவகாசத்தையும் மறக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்ற மாணவ மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். 112 (அவசர உதவி), 181, 1930, 14416, 15100 ஆகிய எண்களை இப்போதே போனில் சேமியுங்கள். உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், நாலு பேர் கையெழுத்திட்டு நாளைக்கே முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள்.